அனைவருக்கும் தடை

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். தெருவிளக்கு வாரியத்தின் கணினிக்காரர் நான்கே நான்கு சொற்களால் கெட்டார். "அரை நாள் வேலைதான் சார்." அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் மனுஷன் இந்நேரம் பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஆறு வருடமாக அவர் இந்த ஊரில் ஒற்றை அறையில் குடியிருந்தார். மனைவி எட்டு மணி நேர பஸ் பயணத் தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளுக்கு ஏழு வயது. அவள் நடக்கக் கற்றதையும், பல் விழுந்ததையும், சைக்கிளிலிருந்து விழுந்ததையும் அவர் போனில்தான் கேட்டார். வருடத்துக்கு இரண்டாக மனுப் போட்டுப் போட்டுக் கடைசியில் இந்த மாதம் எட்டாம் தேதி மாற்றல் உத்தரவு வந்தது. மனைவி இருக்கிற ஊருக்கே. ஒரே நிபந்தனை: முப்பதாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அங்கே சேர வேண்டுமென்றால் இங்கேயிருந்து விடுவிப்பு ஆணை வேண்டும். ஒரே ஒரு தாள், அதன் அடியில் இயக்குநரின் கையெழுத்து, அவ்வளவுதான்.

சேதி கேட்ட அன்றே மனைவி அலமாரியில் ஒரு தட்டைக் காலி பண்ணிவிட்டாள். "உங்க பொண்ணு அதுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கா. 'அப்பாவுக்கு மட்டும், வேற யாரும் தொடக் கூடாது'ன்னு. நான் துண்டு வெக்கப் போனா கையைத் தட்டி விடறா," என்றாள். அதைக் கேட்ட சந்தோஷத்தோடுதான் அவர் மறுநாள் இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

இயக்குநர் அப்போதுதான் ஒரு கருத்தரங்கிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே அவருக்கு ஒரு பையும் ஒரு சிந்தனையும் கொடுத்திருந்தார்கள். பையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சிந்தனையை ஆபீசுக்குக் கொண்டுவந்திருந்தார்.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கணும். பொதுவா ஒரு ஃபோல்டர். யார் எதைப் படிக்கலாம், யார் எதுல எழுதலாம்னு பர்மிஷன் போட்டுடுங்க. எவ்வளவு நாளாகும்?"

அந்த நான்கு சொற்கள் வெளியே வந்தது இப்போதுதான்.

"அப்ப முடிச்சிட்டே போங்களேன்," என்றார் இயக்குநர். "முடியற அன்னிக்கே உங்க விடுவிப்பு ஆணையில கையெழுத்துப் போட்டுடறேன்."

கணினிக்காரர் பொய் சொல்லவில்லை. வேலை அரை நாளில் முடிந்தேவிட்டது. அதில் கொஞ்சம் சிக்கல் உண்டுதான், ஏனென்றால் வாரியத்தில் இரண்டு வகைக் கணினி. முந்தைய இயக்குநர் புகார்ப் பிரிவுக்கு ஜன்னல் படம் போட்ட வகையை வாங்கினார். அவர் வாங்கியதையே தானும் வாங்கினால் தனக்கென்ன மரியாதை என்று இப்போதையவர் பொறியாளர் பிரிவுக்குப் பெங்குவின் படம் போட்ட வகையை இறக்கினார். ஜன்னல் வகை ஆளாளுக்குப் பெயர் எழுதி, இவருக்கு அனுமதி, அவருக்குத் தடை என்று நீளமாகப் பட்டியல் வைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் தடை என்று ஒரு வரி இருந்தால் போதும், கூடவே ஆயிரம் அனுமதி இருந்தாலும் கதவு திறக்காது. பெங்குவின் வகைக்கு உலகத்தில் மூன்றே பேர்தான்: உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர். இரண்டுக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை மற்றதற்குச் சொல்லுகிற சர்வர், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் பாடுதான் அதற்கும். இருந்தாலும் கணினிக்காரர் இரண்டையும் சமாதானப்படுத்திப் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஃபோல்டரைத் தயார் பண்ணிவிட்டார். யாருக்கு என்ன அனுமதி என்று ஒரு பட்டியலையும் போட்டு இயக்குநர், துணை இயக்குநர், புகார்ப் பிரிவு அதிகாரி என்று மூன்று அதிகாரிகளுக்கும் சுற்றுக்கு விட்டார். வம்பு அங்கேதான் பிறந்தது.

முதலில் வந்தவர் புகார்ப் பிரிவு அதிகாரி அம்மாள். இருபத்தாறு வருட சர்வீஸ். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவர் பட்டியலை மேசையில் வைத்தார்.

"இது என்ன, எனக்கு எதிர்ல 'படிக்க மட்டும்'னு போட்டிருக்கீங்க?"

"மேடம், அது இன்ஜினியருங்க போடற வரைபடம். நீங்க பார்த்தா போதுமே, மாத்த வேண்டியதில்லையேன்னு..."

"நான் மாத்தப் போறதில்லைங்க. அந்த வரைபடம் எனக்குப் புரியவே புரியாது. ஆனா என்னால மாத்த முடியாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

அம்மாளுக்கு எழுதும் அனுமதி போட்டார். அது துணை இயக்குநர் காதுக்குப் போனது. அவர் கணினிக்காரரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டைரக்டருக்கு என்ன பர்மிஷனோ அதுல ஒண்ணு கம்மியா எனக்குப் போடுங்க. கம்மின்னு வேற யாருக்கும் தெரியக் கூடாது. டைரக்டருக்கு மட்டும் தெரிஞ்சா போதும், அவரு சந்தோஷப்படுவாரு. அப்புறம் அந்தப் புகார் மேடத்துக்கு என் ஃபோல்டர் திறக்கக் கூடாது. ஆனா இருக்குங்கறது கண்ணுல படணும். தெனமும் படணும்."

இயக்குநர் இன்னும் தெளிவாக இருந்தார். "எனக்கு எல்லாம் திறக்கணும். ஆனா நான் திறந்தேன்னு எங்கயும் பதிவாகக் கூடாது. நாளைக்கு எவனாவது வந்து 'நீங்கதான் பார்த்தீங்களே சார்'னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

பன்னிரண்டாம் தேதி 'அனுமதிக் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. மூன்று அதிகாரிகளும் உறுப்பினர்கள். பதினைந்தாம் தேதி கூடிய முதல் கூட்டத்தில் கணினிக்காரர் ஒரு சின்னச் சந்தேகம் கேட்டார். ஃபோல்டருக்கு உரிமையாளர் என்று ஒரு பெயர் போட வேண்டும், யார் பெயரைப் போடலாம் என்றார்.

"ஓனர்னா என்ன?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஏதாவது தப்பாச்சுன்னா அவரைத்தான் கேப்பாங்க சார்."

அனுமதி, அனுமதி என்று ஐந்து நாளாக அடித்துக்கொண்ட மூன்று பேரும் இப்போது மேசை விரிப்பில் நூல் பிரிந்திருப்பதைக் கவனமாகப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் துணை இயக்குநர் தொண்டையைச் செருமினார். "தற்காலிகமா இவர் பேரையே போட்டுடலாமே. இவர்தானே செஞ்சாரு."

போகிற ஆளுக்கு என்ன வந்தது, பேர்தானே என்று கணினிக்காரரும் தலையாட்டிவிட்டார். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. மாற்றலில் போகிறவருடைய கணக்கை உடனே முடக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. ஆகவே அவர் கணக்கு முடக்கப்பட்டது. ஃபோல்டரில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் போட்டு உள்ளே நுழைய அவராலேயே முடியாது. அன்று மாலை போனில் மனைவி "எப்பங்க வர்றீங்க?" என்று கேட்டபோது, "இன்னும் அரை நாள் வேலைதான் பாக்கி," என்றார்.

அப்புறம் சர்வரின் மூலப் பாஸ்வேர்டு. அது ஒரே ஆளிடம் இருக்கலாமா? கூடாது. மூன்று அதிகாரிகளும் மூன்று துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் பங்கைத் தட்டும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அம்மாள் தட்டுகிறபோது துணை இயக்குநர் லேசாகக் கழுத்தைத் திருப்பினார் என்று ஒரு தகராறு வந்து, ஒரு நாள் முழுக்க அதற்கே போனது. பிறகு மறந்துபோகாமல் இருக்க மூன்று துண்டையும் ஒரு கோப்பில் எழுதி, பத்திரமான இடத்தில் வைக்கத் தீர்மானித்தார்கள். வாரியத்திலேயே பத்திரமான இடம் எது? அந்தப் பொது ஃபோல்டர்தான்.

"சார், பீரோ சாவியை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டற மாதிரி ஆயிடும்," என்றார் கணினிக்காரர்.

"அதைவிடப் பாதுகாப்பு உண்டா?" என்றார் துணை இயக்குநர்.

இருபத்திரண்டாம் தேதி சுற்றறிக்கை வந்தது. வாரியம் தொடங்கிய நாள் முதல் அதன் சுற்றறிக்கைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். மாடிப்படி உபயோகமா, குடிநீர்க் குழாயா, எதுவானாலும் முதல் வரி: 'அனைவருக்கும் தடை விதிக்கப்படுகிறது.' இரண்டாம் வரி: 'தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி.' இதற்கும் அப்படியே வந்தது. இதை எழுத்துப் பிசகாமல் சர்வரில் ஏற்ற வேண்டும் என்று கீழே குறிப்பு.

கணினிக்காரர் முதல் வரியை இரண்டு தடவை படித்தார். இயக்குநரிடம் ஓடினார்.

"சார், முதல் வரியை மட்டும் எடுத்துடுவோம். அனைவருக்கும் தடைன்னு போட்டா உங்களுக்கும் சேர்த்துத் தடை ஆயிடும். மெஷின்ல தடைதான் ஜெயிக்கும். அப்புறம் எத்தனை அனுமதி போட்டாலும் எடுபடாது."

இயக்குநர் சிரித்தார். "உங்களுக்கு மெஷின் தெரியும், நிர்வாகம் தெரியாது. யாருக்கு என்ன கொடுக்கணும்கறது நிர்வாகம் இல்ல. அதை எந்தக் கழுதையும் செய்யும். எல்லாருக்கும் முதல்ல இல்லைன்னு சொல்லணும். அப்பதான் நம்மகிட்ட வந்து நிப்பாங்க. நான் இந்த நாற்காலிக்கு வந்ததே அப்படித்தான்."

கணினிக்காரர் எழுத்து மூலமும் எச்சரித்தார். மறுநாள் பதில் கடிதம் வந்தது: 'தங்கள் கடிதம் பெறப்பட்டது. தடை என்பது தகுதியற்றவர்களை மட்டுமே தடுக்கும். தகுதியுள்ளவர்களை அது தானாகவே அறிந்துகொள்ளும்.'

இருபத்து நான்காம் தேதி தொடக்க விழா. அன்று முதல் ஃபோல்டரில் இல்லாத எந்தத் தாளும் செல்லாது என்று அறிவித்து, தாள்களை ஸ்கேன் பண்ணி உள்ளே வைத்துவிட்டு, அசல்களை நறுக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். குழுவின் தீர்மானப் புத்தகம் போனது. பாஸ்வேர்டு எழுதிய கோப்பு போனது. பிறகு இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் பேனாவைத் திறந்து விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டார். கணினிக்காரர் கையை நீட்டினார்.

"இருங்க இருங்க. உங்க ஆணையும் உள்ளயே போகட்டும். ஒரு மரியாதைதானே."

"சார், அதோட ஒரு ஜெராக்ஸ் மட்டும் கையில கொடுத்துடுங்களேன்."

"பேப்பர்தான் இனிமே செல்லாதே."

அந்தத் தாள் நறுக்கும் இயந்திரத்துக்குள் போய் நூல் நூலாக வெளியே வந்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று அதிகாரிகளும் முறைப்படி சுவரைப் பார்த்துத் திரும்பித் திரும்பிப் பாஸ்வேர்டைத் தட்டினார்கள். சுற்றறிக்கையை ஏற்றும் பொத்தானை இயக்குநரே அமுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். மாடிப்படி அறையைப் பூட்டி, அரக்கு வைத்து, மூன்று பேரும் அதன்மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

ஃபோல்டர் யாருக்கும் திறக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதை யாரும் சொல்லவும் இல்லை. தகுதியுள்ளவர்களுக்குத் திறக்கும் என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. எனக்குத் திறக்கவில்லை என்று எவன் முதலில் வாயைத் திறப்பான்? அதிகாரி அம்மாள் காலையில் வந்ததும் ஒரு தடவை கிளிக் பண்ணிப் பார்ப்பார், பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்ப்பார், ஸ்கிரீனை அணைத்துவிடுவார். துணை இயக்குநர் "இன்னிக்கு ஃபோல்டர்ல ஒரு நல்ல நோட் படிச்சேன்," என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார். அம்மாளும் "நானும் பார்த்தேன், ரெண்டாவது பாரா கொஞ்சம் நீளம்," என்றார். ஆணையைப் பிரதி எடுக்க மறுநாளே கணினிக்காரர் இயக்குநரிடம் போனார்.

"சார், உங்களுக்குத் திறக்குதா?"

"எனக்குத் திறக்காம?"

"அப்ப என் ஆணையை மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க சார். புண்ணியமாப் போகும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "எடுக்கலாம். எனக்கென்ன. ஆனா உங்க தகுதிக்கு அதைப் பார்க்க பர்மிஷன் இல்லையே. நானே ரூலை மீறலாமா, சொல்லுங்க?"

பொறியாளர் பிரிவிலிருந்து ஒரு தாள் வேறு வந்து சேர்ந்தது. பெங்குவின் கணினிக்குத்தான் மூன்று பேரைத் தவிர யாரையும் தெரியாதே, அது உரிமையாளர், குழு, மற்றவர் எல்லோருக்கும் அனுமதி உண்டு என்றே காட்டியது. திறந்தால் திறக்காது, கேட்டால் உண்டு என்று சொல்லும். துணை இயக்குநர் அந்தத் தாளைத் தட்டிக் காட்டினார். "பர்மிஷன் இருக்குன்னு மெஷினே சொல்லுது. திறக்கலைங்கறது வேற விஷயம். அதுக்கும் பர்மிஷனுக்கும் சம்பந்தமில்ல."

இருபத்தெட்டாம் தேதி கணினிக்காரர் கடைசி வழியைச் சொன்னார். சர்வர் பெட்டியைக் கழற்றினால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போய்த் தடையை எடுத்துவிடலாம். எவ்வளவு நேரமாகும் என்று அம்மாள் கேட்டார். அரை நாள் என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார். எப்படியும் அரக்கை உடைக்கக் குழுவின் தீர்மானம் வேண்டுமாம். தீர்மானம் எழுதத் தீர்மானப் புத்தகம் வேண்டும். புத்தகம் ஃபோல்டருக்குள் இருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு மாடிப்படிக்குக் கீழே போனார். பூட்டில் சிவப்பு அரக்கு. அதன் மேல் மூன்று கையெழுத்து. உள்ளேயிருந்து சர்வரின் சின்ன உறுமல் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நாலடி தூரத்தில் அவருடைய ஆணை கையெழுத்தோடு இருந்தது. அரக்கில் கை வைத்தால் வேலை போகும். வேலை போனால் மாற்றல் எங்கே, ஆணை எங்கே? அவருக்கு அழுகை வந்தது. நாற்பது வயது ஆம்பளை படிக்கட்டுக்குக் கீழே நின்று மூக்கைச் சிந்திவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்.

முப்பதாம் தேதி மாதாந்திரக் கூட்டம். இயக்குநர் எழுந்து பேசினார்.

"போன மாசம் நானூத்துப் பன்னிரண்டு புகார் வந்துச்சு. இந்த மாசம் ஃபோல்டர் தொடங்கின பிறகு ஒரு புகார்கூடப் பதிவாகல. ஒரு தெருவிளக்குகூட எரியலைன்னு யாரும் எழுதல. ஒரு கோப்புகூட வெளிய கசியல. யாரும் எதையும் தப்பா மாத்தல. இதைத்தான் நான் இத்தனை வருஷமா செய்யப் பார்த்தேன், நடக்கல. ஆளுங்க குறுக்க வந்துட்டே இருந்தாங்க. இப்ப எந்த ஆளும் வர முடியாது." கை தட்டல் ஓயும்வரை காத்திருந்தார். "இதுக்குக் காரணமானவரை நாம விட்டுட முடியுமா? ஓனர் போயிட்டா ஃபோல்டர் அநாதை ஆயிடாதா? ஓனர் பொறுப்பை ஏத்துக்க யாராவது இருக்கீங்களா?"

எல்லோரும் மறுபடி மேசை விரிப்பைப் பார்த்தார்கள். நூல் இப்போது இன்னும் கொஞ்சம் பிரிந்திருந்தது.

"அப்ப இவரே நிரந்தர ஓனர்," என்றார் இயக்குநர். அந்தப் பதவி உயர்வுக்கான உத்தரவு உடனே தயாராகி, முறைப்படி ஃபோல்டரில் வைக்கப்படும் என்றும் சொன்னார்.

கணினிக்காரர் சாயந்திரம் ஆபீசைவிட்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற தெருவிளக்கு பதினைந்து நாளாக எரியவில்லை. அதன் கீழே நின்றுதான் மனைவிக்குப் போன் போட்டார். பட்டியலில் அடுத்தவருக்கு ஐந்து மணிக்கே தகவல் போய்விட்டதாம், அவர் போய்ச் சேர வேண்டியிருந்த ஆபீஸ் அவளுடைய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தானே, அவளே விசாரித்திருக்கிறாள். "பரவாயில்லைங்க, விடுங்க," என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்தை அவரால் தாங்க முடியவில்லை. அதற்குள் மகள் போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"உங்க தட்டு காலியாத்தானே இருக்கு. அதுல என் கலர் பென்சில் வெச்சுக்கட்டுமா? பேப்பர்ல உங்களுக்கு மட்டும்னு எழுதியிருக்கு. அதான் உங்களைக் கேக்காம வெக்கல."

உரிமையாளர் ஆகிப் பதினைந்து நாளில் அவரிடம் ஒருவர் அனுமதி கேட்பது இதுதான் முதல் தடவை. அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மூச்சு விட்டார்.

"வெச்சுக்கோம்மா."

"புக்ஸு?"

"புக்ஸும் வெச்சுக்கோ."

"ஸ்கூல் பையும் வெச்சா ரொம்பிடும்பா. அப்புறம் உங்களுக்கு இடம் இருக்காது."

"பரவாயில்ல, வெச்சுக்கோ."

"அப்ப அந்தப் பேப்பரைக் கிழிச்சிடட்டுமா?"

"வேண்டாம்மா," என்றார் அவர். "பேப்பர் இருக்கட்டும்."